பச்சை லைட்டும் குருசடி ஏற்றமும்

ரிப்பேர் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: ஓடாத மோட்டாரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, ஓடுகிற மோட்டாரைப் பார்த்தால் அதைவிடச் சும்மா இருக்காது. கட்டிலுக்கு அடியில் பழைய ஃபேன் மோட்டாரும் அரிசிப் பானைக்குப் பின்னால் செம்புக் கம்பிச் சுருளும் வைத்திருந்து, வீட்டில் தினமும் ஏச்சு வாங்குகிற என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது, புரிந்தாலும் சிரிப்பார்கள்.

என் பெயர் ரோஸ்லின். தக்கலையில் ஒரு சந்துக்குள் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பொம்பளை மெக்கானிக்கா என்று முதலில் சிரித்தவர்கள் எல்லாரும் பிறகு மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நின்றவர்கள்தான். வீட்டுக்காரர் சேசடிமை, குளச்சல் கரையில் பிறந்தவர். விடிந்ததும் கரையில் மீன் எடுத்து, சைக்கிளில் பெட்டி கட்டி, இரணியல் வழியாக வந்து எங்கள் ஊர்ப்பக்கம் வீடு வீடாக விற்பார். வழியில் குருசடி ஏற்றம் என்று ஒன்று உண்டு. மேலே ரோட்டோரம் சிலுவை வைத்த ஒரு சின்ன குருசடி இருப்பதால் அந்தப் பெயர். வெறுங்கையோடு நடந்தாலே அங்கே நெஞ்சு இரைக்கும். 2012-இல் அவருக்கு நெஞ்சு இரைக்கவில்லை, அடைத்தே விட்டது. குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சமதரையில் பைய மிதிக்கலாம், ஏற்றத்தில் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மறுதடவை வந்தால் கொண்டு வந்து சேர்க்க நேரம் இருக்காது என்றும் சொன்னார்.

கடையில் உட்கார்ந்த மீன்காரர்

மீனும் வேண்டாம், ஏற்றமும் வேண்டாம், என்னோடு கடையில் வந்து உட்காருங்கள் என்றேன். வந்து உட்கார்ந்தார். நான் செய்த முதல் தப்பு அதுதான். முப்பது வருசமாக, "இது நேத்தைக்குள்ளது, உங்களுக்கு வேண்டாம்" என்று உள்ளதைச் சொல்லியே வியாபாரம் செய்த மனுசன். மீன் விற்க அது நல்ல குணம். ரிப்பேர் கடைக்கு அது ஆகவே ஆகாது.

இரண்டாம் நாள் ஒரு டீச்சர் மிக்சியைக் கொண்டு வந்து வைத்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்குள் இவர் எட்டி, செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே கப்ளரைத் தூக்கிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். கம்பிச் சுருள் கருகின வாடை அவருக்கும் தெரிந்துவிட்டது. நான் கண்ணைக் காட்டினேன், காலை மிதித்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. டீச்சரிடம் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "டீச்சர், இது அழுகிச் சீஞ்சு போச்சு. கொண்டு போய்க் குழிச்சு மூடுங்க."

ஆக்கர் கடையில் கிடைத்த சக்கரம்

இரண்டு வாரத்தில் கடையில் ஈ ஆடியது. சரி, மீனுக்கே போங்கள், ஆனால் மொபெட்டில் போங்கள் என்றேன். மாட்டேன் என்றார். எஞ்சின் சத்தத்தில், வீட்டுக்குள்ளே இருந்து பெண்கள் "மீன்காரரே, நில்லும்" என்று கூப்பிடுவது காதில் விழாதாம். அந்தக் குரலைக் கேட்டே எந்த வீட்டுக்குச் சாளை, எந்த வீட்டுக்கு அயலை என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். எனக்கு அன்றைக்கு வியாதி முற்றியது. சத்தமில்லாத மோட்டார் வேண்டும், அவ்வளவுதானே? கறண்டு எங்கே என்று கேட்காதீர்கள். பாதி நாள் பவர் கட்டில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்த வருசம் அது. ஆனால் அவர் காலை முழுக்க வெயிலில்தானே நிற்கிறார்? அந்த வெயிலையே பிடித்துப் போட்டால் என்ன?

பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடையில், கல்ஃப் நாட்டிலிருந்து வந்த யாரோ வாங்கிச் சலித்துப் போட்ட எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று கிடந்தது. சக்கரத்துக்கு உள்ளேயே மோட்டார். கழற்றிக் கொண்டு வந்து, சைக்கிள் கடையில் கம்பி கோத்து, மீன் சைக்கிளின் முன்சக்கரத்தில் மாட்டுவதாகத் திட்டம். என் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து ஆக்கர் கடைக்காரருக்கே மனசு கேட்கவில்லை. எழுந்து வந்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "அக்கா, இத வச்சிருந்தவன் கடைசியில தள்ளிக்கிட்டுத்தான் இஞ்ச வந்தான், கேட்டியளா?"

பின்னால் போன வண்டி

மூன்று யூபிஎஸ் பேட்டரி, மீன் பெட்டிக்கு மேலே கூரை மாதிரி மூன்று சின்ன பேனல், ஒரு பேட்டரிக்கு ஒரு பேனல். ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்சு, பக்கத்தில் பேட்டரி அளவு காட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று குட்டி விளக்கு. மோட்டாரிலிருந்து வருகிற மூன்று தடி ஒயரை நிறத்துக்கு நிறம் பார்த்துச் சேர்த்தேன். நிறம் பார்த்துச் சேர்க்கக் கூடாது, சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருபது வருசமாக மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான்.

சோதனைக்குப் பெட்டியில் மீனுக்குப் பதில் செங்கல் வைத்தோம். அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து சுவிட்சை அமுக்கினார். வண்டி அழகாக, ஒரு சத்தமும் இல்லாமல், பின்பக்கமாகப் போனது. பதற்றத்தில் சுவிட்சிலிருந்து விரலை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. கோழிக்கூட்டை உரசி, மரச்சீனிக் கிழங்கு விளைக்குள் போய், இரண்டு செடியைச் சாய்த்த பிறகுதான் நின்றார். அடுத்த வீட்டுத் தங்கம் மைனி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏ ரோசிலி, விக்காத மீனக் கடலுக்கே திருப்பிக் கொண்டு விடியதுக்கா இந்த ஏற்பாடு?"

எல்லாருக்கும் உள்ள வெயில்

ஒயரை மாற்றினேன், வண்டி முன்னால் போனது. இனி சார்ஜ் ஏற வேண்டும். முற்றத்தில் நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. மூன்றாம் நாள் கண்ட்ரோலரை முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு சால்டராக ஊதி ஊதிப் பார்த்தேன். தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் தொழில் மறந்துவிட்டதோ என்று அழுகை வந்தது.

நாலாம் நாள் தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். பேனல் மூன்றையும் மூடி, வெள்ளை வெளேரென்று இரண்டு ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. தங்கம் மைனிக்கு நாற்பது மூடு ரப்பர் மரம் உண்டு. ஷீட் அடித்தால் வேலி, மதில், சன்னல் கம்பி என்று ஒன்றையும் விடமாட்டாள். என் பேனல் கறுப்பாகவும் சூடாகவும் வாட்டமான உயரத்திலும் இருந்திருக்கிறது. நாங்கள் வருவதற்குள் எடுத்துவிடுகிற மரியாதையும் அவளுக்கு இருந்திருக்கிறது. நான் கத்தின கத்தில் கோழியெல்லாம் ஓடியது. மைனி ஷீட்டைப் பைய மடக்கித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "உனக்க வண்டிக்குன்னு வேற வெயிலா அடிக்குது பிள்ளே? எல்லாருக்கும் உள்ள வெயிலுதானே."

கறண்டு மீன்

சோதனை ஓட்டம் என்றால் நீங்களும் நானும் நினைப்பது வேகம், தூரம், வோல்ட். ஊர்க்காரர்கள் சோதித்தது மீனை. பெட்டிக்கு மேலே பேனல், பேனலிலிருந்து ஒயர், ஒயர் போய் பேட்டரி. நடுவில் இருப்பது சாளை. போதாததற்குக் காக்காய்கள் மீன் வாடைக்குப் பேனலில் வந்து உட்கார்ந்து, அதை வெள்ளையடித்து வைத்துவிட்டுப் போகும். ஈரத்துணியால் துடைப்பதே அவருக்குப் பாதி வேலை.

மதில்கட்டின ஒரு வீட்டம்மா, சாருக்குப் பிரஷர் உண்டு, கறண்டு ஏறின மீன் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டைச் சாத்திவிட்டார்களாம். வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள். இவர் இறங்கி, அந்தம்மா பார்க்கப் பார்க்க ஒயரைப் பிடுங்கி, சுவிட்சை அணைத்து, ஒரு நிமிசம் மரியாதையாகக் காத்து நின்றிருக்கிறார். அந்த வருசம் கறண்டு போனதற்குச் சந்தோசப்பட்ட ஒரே ஆள் அந்தம்மாவாகத்தான் இருக்கும்: "கறண்டு போயிட்டா? அப்போ ஒரு கிலோ அயல தாரும்."

சிவப்பும் பச்சையும்

முதல் வாரம் மத்தியானம் அவர் வீடு திரும்பும்போது விளக்கு சிவப்பாக எரிந்தது. பேட்டரி காலி. எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது, முகம் அப்படியே கடுத்துப் போகும். சோற்றை டம்மென்று வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டாரா என்றுகூடப் பார்க்காமல், வண்டியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்பானரோடு உட்கார்ந்துவிடுவேன். "ஏற்றம் எப்படி இருந்தது" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. "எத்தனை வோல்ட்" என்றுதான் கேட்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் வாரம் மஞ்சள். மூன்றாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, பச்சை! காலை முழுக்க ஓடிவிட்டு வந்தும் பேட்டரி நிறைய. முற்றத்தில் நின்று கைதட்டினேன். தங்கம் மைனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு அவர் பெட்டியில் மிஞ்சின நெய்மீன் துண்டைத் தேங்காய் வறுத்து அரைத்துக் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன். அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு நனைந்திருந்தது. வெயில் அவ்வளவு அதிகம், அதுதான் சார்ஜும் அதிகம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்: "உனக்கு சந்தோசம்னா செரிதான் பிள்ளே. வெயிலு நல்ல வெயிலு."

முருகேசன் போட்ட கணக்கு

அதற்குப் பிறகு தினமும் பச்சைதான். ஆடிச் சாரலில், மூன்று நாள் சூரியனையே கண்ணால் பார்க்காத வாரத்திலும் பச்சை. வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். நான் செய்த வண்டி என்பதால், மேகத்துக்குள்ளே இருந்தும் சக்தி எடுக்கிறது என்று முடிவு கட்டினேன். தக்கலை பஜாரில் நான் பெருமை பேசாத கடை இல்லை. ஆள் மட்டும் மெலிந்துகொண்டே வந்தார். எண்ணெயைக் குறைத்த பலன் என்று அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை முருகேசன் மட்டும் பில்லுக்குப் பின்பக்கம் பென்சிலால் எழுதிப் பார்த்தான். பேனல் இவ்வளவுதான் தரும், அந்த ஏற்றம் இவ்வளவு தின்னும் என்று கழித்துக் காட்டினான். பொறாமை என்று நினைத்தேன். அவன் கேட்ட கேள்விக்குப் பிறகு இரண்டு வாரம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை: "அக்கா, கணக்குப்படி ஒண்ணு நீங்க சூரியனையே வீட்டுல கட்டிப் போட்டிருக்கணும், இல்லேன்னா அந்த மோட்டார் ஓடவே கூடாது. சூரியனக் கட்டிப் போட்டிருக்கியளா?"

பஸ்ஸிலிருந்து பார்த்தது

திங்கள்நகரில் ஒரு கிரைண்டரைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். குருசடி ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறுகிறது. முன்னால் ஒரு சைக்கிள், வழி விட முடியாமல் திணறுகிறது. சீட்டிலிருந்து எழுந்து நின்று, ஒரு மிதிக்கு ஒரு தடவை உடம்பையே வளைத்து மிதிக்கிறார் ஒருவர். யாரு பெத்த பிள்ளையோ, இந்த ஏற்றத்தில் இப்படிச் சாகுதே என்று பாவப்பட்டேன். பிறகுதான் பெட்டிக்கு மேலே மூன்று பேனல் தெரிந்தது.

"நிறுத்துங்க" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார். ஓடினேன். அதற்குள் அவர் மேலே ஏறி, குருசடிப் படியில் உட்கார்ந்திருந்தார். கை நெஞ்சில் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. சுவிட்சு அணைந்து கிடந்தது. ஹேண்டில்பாரில் பச்சை விளக்கு மட்டும் ஜோராக எரிந்தது.

பயந்தால் எனக்கு ஏச்சுதான் வரும். "உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மோட்டார் எதுக்கு இருக்கு? எத்தன நாளா இந்தக் கூத்து?" என்று பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க அழுதுகொண்டே கத்தினேன். அவர் இரைப்பு அடங்கும்வரை படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அடங்கினதும், தப்பு செய்து மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி தரையைப் பார்த்துச் சொன்னார்: "மூணு வாரமா நான் அதத் தொடல்ல. பேட்டரி காலியா வந்தா உனக்க மொகம் வாடிப் போவுதுலா, ஏட்டி. அதப் பாக்கியத விட ஏத்தத்த மிதிக்கியது எனக்கு எளுப்பமா இருந்துது."

சிவப்பு

நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஈசிஜி எடுத்தார்கள், ஒரு நாள் படுக்க வைத்தார்கள், இந்தத் தடவை தப்பித்தீர் என்று அனுப்பினார்கள். முருகேசன் கடைக்குப் போய், நீ சொன்னதுதான் சரி, வெயில் பாதி வழிக்குத்தான் வருகிறது என்று ஒத்துக்கொண்டேன். இன்னொரு செட் பேட்டரி வாங்கினேன். கறண்டு இருக்கிற நேரத்தில் அதற்கு வீட்டில் சார்ஜ் ஏறும், கறண்டு இல்லாத நேரத்தில் எனக்கு வாய்ச்சத்தம் ஏறும். வீட்டில் சட்டமும் மாறியது: பச்சையோடு வந்தால் சோறு கிடையாது. இப்போது மத்தியானம் அவர் வந்ததும் முதலில் மோட்டாரைத் தொட்டுப் பார்க்கிறேன், அடுத்து அவர் நெற்றியை. மோட்டார் சூடாக இருக்க வேண்டும், நெற்றி சூடாக இருக்கக் கூடாது.

அந்தச் சட்டத்தின் முதல் நாள் அவர் வந்து நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. படலைத் திறந்து உள்ளே வராமல், ஹேண்டில்பார் விளக்கைக் கையால் மூடிக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார். சட்டை நனையவில்லை. கையை எடுத்ததும் சிவப்பு தெரிந்தது. உங்களிடம் மறைப்பானேன், அந்தச் சிவப்பைக் கண்டதும் என் தொழில் புத்தி ஒரு நிமிசம் சுருக்கென்று குத்தத்தான் செய்தது. அதையும் மீறிக் கைதட்டினேன். தங்கம் மைனியும் எதற்கு என்று தெரியாமலே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சேர்ந்து தட்டினாள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்: "ஒரு சொட்டு பாக்கி இல்ல ஏட்டி, எல்லாம் தீந்து போச்சு. எங்க, மொகத்தக் காட்டு பாப்போம்."

ஆக, அந்தச் சோதனை ஓட்டம் முழுக்க நான் பேட்டரியை அளந்துகொண்டிருந்தேன், அவர் என் முகத்தை அளந்துகொண்டிருந்தார், அவருடைய நெஞ்சை அளக்கத்தான் எங்கள் இரண்டு பேரிடமும் மீட்டர் இல்லாமல் போயிற்று.